ஒரிஜினலா, மாற்றா? லொறி ஸ்பிரிங் சாமான் வாங்குவோர் கவனத்துக்கு

எமது கரையோரப் பிரதேசத்தில் லொறி இல்லாமல் நடக்கும் தொழில் மிகக் குறைவு. சம்மாந்துறை வட்டையிலிருந்து நெல், நிந்தவூர் ஆலையிலிருந்து அரிசி, கல்முனைக் கரையிலிருந்து பேலியகொடைச் சந்தைக்கு மீன், வீடு கட்டுவோருக்கு மணலும் கல்லும் என்று எல்லாமே லொறியில்தான் போய் வருகின்றன. அந்த லொறியின் பாரம் முழுவதையும் தாங்குவது அதன் அடியில் உள்ள ஸ்பிரிங் தகடுகளும் அவற்றைப் பிடித்திருக்கும் பின், புஷ், யூ போல்ட் முதலியவையும்தான். நற்பிட்டிமுனையில் உதிரிப்பாக வியாபாரம் செய்யும் என்னிடம் லொறிச் சொந்தக்காரர்கள் அதிகம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “நானா, ஒரிஜினல் போடுவதா, மற்றதைப் போடுவதா?” இதற்கு ஒரு சொல்லில் பதில் கூற முடியாது. எதை எங்கே போடலாம், எதை எங்கே போடக் கூடாது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

ஒரிஜினல் என்றால் என்ன?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிக் கொள்ள வேண்டும். டாட்டா லொறியில் உள்ள சாமான் எல்லாவற்றையும் டாட்டா கம்பனியே செய்கிறது, லேலண்டில் உள்ளதை எல்லாம் அசோக் லேலண்டே செய்கிறது என்று பலர் நினைக்கின்றனர். அப்படி அல்ல. லொறிக் கம்பனி வரைபடத்தையும் அளவையும் தரத்தையும் தீர்மானிக்கிறது. பெரும்பாலான பாகங்களை வேறு தொழிற்சாலைகள் செய்து கொடுக்கின்றன. இந்தியாவின் ஜம்னா ஓட்டோ என்ற கம்பனி டாட்டாவுக்கும் லேலண்டுக்கும் ஸ்பிரிங் தகடு செய்து கொடுக்கிறது. கப்ரியல் இந்தியா கம்பனி ஷொக் அப்சோபர் செய்கிறது. ரானே கம்பனி ஸ்டியரிங் சாமான் செய்கிறது. ஜப்பானில் கயாபா என்ற கேவைபி கம்பனி ஷொக் அப்சோபருக்கும், 555 என்ற முத்திரை டை ரொட் எண்ட், போல் ஜொயின்ட் ஆகியவற்றுக்கும் பெயர் பெற்றவை.

ஆகவே கடைக்கு வரும் சாமானை ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, லொறிக் கம்பனியின் சொந்தப் பெட்டியில் வருவது. டாட்டா ஜெனுவின் பார்ட்ஸ், லேலண்டின் லேபார்ட்ஸ் போன்றவை. இதுதான் நாம் ஒரிஜினல் என்று சொல்வது.

இரண்டாவது, லொறிக் கம்பனிக்குச் செய்து கொடுக்கும் அதே தொழிற்சாலை தன் சொந்தப் பெயரில் விற்பது. தரத்தில் ஒரிஜினலுக்கு மிக அருகில் நிற்கும். விலை குறைவு. ஆனாலும் கம்பனிக்குக் கொடுப்பதும் வெளியே விற்பதும் ஒவ்வொரு தடவையும் அச்சொட்டாக ஒன்றுதான் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

மூன்றாவது, லொறிக் கம்பனியோடு தொடர்பில்லாத தொழிற்சாலை தன் சொந்த முத்திரையில் செய்வது. இதில் மிக நல்லதும் உண்டு, மிக மோசமானதும் உண்டு.

நான்காவது, போலி. அதாவது இன்னொருவரின் பெயரையும் பெட்டியையும் திருடிப் போட்டது.

ஐந்தாவது, ஜப்பானிலிருந்து வெட்டிக் கொண்டு வரும் வாகனங்களில் கழற்றிய பாவித்த சாமான்.

மாற்றுச் சாமான் வேறு, போலிச் சாமான் வேறு. சொந்தப் பெயரில் செய்து, சொந்தப் பெயரில் விற்பவன் நேர்மையான வியாபாரி. அவனது சாமான் மலிவாக இருப்பது குற்றமல்ல. போலி என்பது திருட்டு. நம்மவர்கள் இரண்டையும் சேர்த்து “டூப்ளிகேட்” என்று ஒரே பெயரில் அழைப்பதால்தான் குழப்பமே வருகிறது.

இந்தப் பிரிவினை உலகம் முழுவதும் பேசப்பட்ட ஒன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2002 இல் கொண்டு வந்த விதியொன்றில், வாகனக் கம்பனியின் அளவுப்படியும் தரப்படியும் அதே வழங்குநர் செய்யும் பாகமும் ஒரிஜினல் என்றே கணிக்கப்பட்டது. இந்தியாவில் போட்டி ஆணைக்குழு 2014 ஆகஸ்ட் 25 இல் 14 கார்க் கம்பனிகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்து, 2,500 கோடி இந்திய ரூபாவுக்கு மேல் தண்டம் விதித்தது. டாட்டா மோட்டோர்ஸும் அவற்றில் ஒன்று. பாகங்களைச் செய்து கொடுக்கும் தொழிற்சாலைகள் அவற்றைத் திறந்த சந்தையில் விற்க விடாமல் தடுத்தனர் என்பது குற்றச்சாட்டுகளில் முக்கியமானது. பின்னர் மேன்முறையீடுகள் நடந்தன. அது கார்களைப் பற்றிய வழக்கு என்றாலும், பெட்டியின் பெயருக்கும் உள்ளே இருக்கும் பொருளுக்கும் நாம் வெவ்வேறாக விலை கொடுக்கிறோம் என்பதை அது எல்லோருக்கும் எடுத்துக் காட்டியது.

ஒரு மில்லிமீற்றரின் விலை

ஸ்பிரிங் தகடு பார்வைக்கு ஒரு வளைந்த இரும்புப் பட்டைதான். ஆனால் அது சாதாரண இரும்பல்ல. சிலிக்கனும் மங்கனீசும் சேர்ந்த, அல்லது குரோமியம் சேர்ந்த உருக்கு. அதை 850 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, எண்ணெயில் அமிழ்த்தி இறுக்கி, மீண்டும் 450, 500 பாகை அளவில் சூடாக்கிப் பதப்படுத்துவார்கள். இந்தப் பதம் தவறினால் இரண்டில் ஒன்று நடக்கும். கூட இறுகினால் கண்ணாடி போல முறியும். குறைந்தால் சில மாதங்களில் நிமிர்ந்து தட்டையாகிவிடும். நல்ல தொழிற்சாலைகள் இதற்குப் பிறகு தகட்டின் மேற்புறத்தைச் சிறு உருக்குக் குண்டுகளால் வேகமாக அடித்து மேற்பரப்பை வலுவாக்கும். வெடிப்பு மேற்பரப்பில்தான் தொடங்குகிறது என்பதால் இந்த வேலை தகட்டின் ஆயுளைப் பல மடங்கு கூட்டும். மலிவுத் தகட்டில் முதலில் விடுபடுவதும் இந்த வேலைதான். கண்ணால் பார்த்து இதைக் கண்டு பிடிப்பது கஷ்டம்.

கண்ணால் பிடிக்கக் கூடியது தடிப்பு. தகட்டின் விறைப்பு அதன் தடிப்பின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 10 மில்லிமீற்றர் இருக்க வேண்டிய தகடு 9 மில்லிமீற்றராக இருந்தால், பத்தில் ஒரு பங்குதான் குறைவு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் விறைப்பு 27 சதவீதம் குறைந்துவிடும். அதே பாரத்துக்கு அந்தத் தகட்டில் விழும் அழுத்தம் 23 சதவீதம் கூடிவிடும். மாறாக 11 மில்லிமீற்றர் தகட்டைப் போட்டால் விறைப்பு 33 சதவீதம் கூடும். அப்போது லொறி குதிக்கும், அதிர்ச்சி செசிக்குப் போகும். ஆகவே தகடு வாங்கப் போகும்போது ஒரு வேர்னியர் கலிப்பரைக் கொண்டு போங்கள். பழைய தகட்டைத் தேய்வில்லாத இடத்தில் அளந்து, அந்த அளவைக் குறித்துக் கொண்டு போவது இன்னும் நல்லது.

எங்கே விட்டுக் கொடுக்கலாம்?

நான் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் அளவுகோல் இதுதான். அந்தச் சாமான் உடைந்தால் லொறி நிற்குமா, அல்லது உருளுமா? உடைந்தால் வண்டி சாரதியின் கைக்கு அடங்காமல் போகும் என்ற இடத்தில் விலை பார்க்கக் கூடாது.

முன் ஸ்பிரிங்கின் மெயின் தகடு, அதற்கு அடுத்த இரண்டாம் தகடு, ஷெக்கிள் பின், யூ போல்ட், சென்டர் போல்ட், கிங் பின், டை ரொட் எண்ட் ஆகியவை இந்த வகை. முன் அச்சை அதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பதே மெயின் தகடுதான். அது கண்ணருகே முறிந்தால் அச்சு பின்னுக்கு நகரும், ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். மகியங்கனையிலிருந்து கண்டி போகும் பதினெட்டு வளைவிலோ, வெல்லவாயவிலிருந்து பேரகலைக்கு ஏறும் பாதையிலோ பாரத்துடன் இது நடந்தால் என்ன ஆகும் என்பதைச் சாரதிமாருக்குச் சொல்லத் தேவையில்லை. இதற்காகவே பல லொறிகளில் இரண்டாம் தகட்டின் நுனியை மெயின் தகட்டின் கண்ணைச் சுற்றி வளைத்து வைத்திருப்பார்கள். மெயின் தகடு முறிந்தாலும் இரண்டாவது பிடித்துக் கொள்ளும். பழைய தகட்டில் அந்த வளைவு இருந்தால், புதிதாக வாங்குவதிலும் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இல்லாவிட்டால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பின் ஸ்பிரிங்கின் கீழ்த் தகடுகள், ஹெல்பர் தகடுகள், இறப்பர் புஷ், பம்ப் ஸ்டொப், கிளிப், ஷொக் அப்சோபர் ஆகியவற்றில் பெயர் பெற்ற மாற்று முத்திரையைத் தாராளமாகப் போடலாம். இவை பழுதானால் வண்டி சத்தம் போடும், ஆடும், டயர் தேயும். கவனிக்க நேரம் கிடைக்கும். ஆனால் பெயர் பெற்ற முத்திரை என்பது முக்கியம். பெயரே இல்லாத பெட்டியில் வருவதை நான் சொல்லவில்லை.

உத்தரவாதக் காலம் முடியாத புதிய லொறி என்றால் முகவரிடம் ஒரிஜினலே போடுங்கள். அமெரிக்காவில் 1975 ஆம் ஆண்டுச் சட்டமொன்று, தன் பாகத்தையே பாவிக்க வேண்டும் என்று உத்தரவாதத்தோடு நிபந்தனை போடுவதைத் தடுக்கிறது. இங்கே உங்கள் உத்தரவாதப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் முகவர் பார்ப்பார். வாசித்துப் பார்க்காமல் கை வைக்க வேண்டாம்.

இதற்கு நேர்மாறானது பழைய லொறி. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் முழுமையாகத் திறக்கப்பட்டது. இடையில் 2022 இல் டொலர் ஒன்று 200 ரூபா அளவிலிருந்து சில வாரங்களில் 360 ரூபா அளவுக்கு ஏறியது. 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமானது. இதனால் விற்றுவிட்டுப் புதிது வாங்க இருந்தவர்களும் பழைய வண்டியையே வைத்து ஓட்டினர். முப்பது வருடம் கடந்த வண்டிகளுக்கு ஒரிஜினல் பெட்டி பல வேளை கிடைக்கவே கிடைக்காது. அவர்களுக்கு நல்ல மாற்று எது என்பது மட்டுமே கேள்வி. பாவித்த சாமானில் பிரக்கட், ஹேங்கர் போன்றவற்றை வாங்கலாம். பாவித்த தகட்டை வாங்குவதை நான் ஆதரிப்பதில்லை. அது எத்தனை இலட்சம் தடவை வளைந்து நிமிர்ந்தது என்பது வெளியே தெரியாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

விலையை மட்டும் பார்ப்பது பாதிக் கணக்கு. விளக்கத்துக்காக ஒரு உதாரணம் எடுப்போம். இவை சந்தை விலைகள் அல்ல. ஒரிஜினல் செட் ஒன்று 100,000 ரூபா, மாற்று 60,000 ரூபா என்று வைப்போம். கழற்றிப் பூட்டும் கூலி 8,000 ரூபா. லொறி இரண்டு நாள் நிற்பதால் இழக்கும் வருமானம் 24,000 ரூபா. இவற்றைக் கூட்டினால் ஒரிஜினலுக்கு ஆகும் உண்மைச் செலவு 132,000 ரூபா, மாற்றுக்கு 92,000 ரூபா.

ஒரிஜினல் 36 மாதம் ஓடினால் மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ 3,670 ரூபா. மாற்று 18 மாதத்தில் போய்விட்டால் மாதம் 5,110 ரூபா. அதாவது மலிவுதான் விலை கூடியது. ஆனால் அதே மாற்று 30 மாதம் ஓடினால் மாதம் 3,070 ரூபாதான். அப்போது மாற்றுதான் இலாபம். இந்த உதாரணத்தில் மாற்று 25 மாதம் தாண்டினால் போதும், ஒரிஜினலைச் சமப்படுத்திவிடும். எனவே கடையில் “எவ்வளவு?” என்று கேட்பதோடு நிறுத்தாமல், “இதைப் போட்டவர்களுக்கு எத்தனை மாதம் ஓடியது?” என்றும் கேளுங்கள். கடைக்காரனை மட்டுமல்ல, அதே பாதையில் அதே பாரத்தோடு ஓடும் மற்றச் சாரதிகளையும் கேளுங்கள்.

ஒரு விடயத்தை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அறுவடை நேரத்தில் முறிந்தால் இழப்பு இரண்டு நாள் வருமானம் மட்டுமல்ல. ஆலைக்காரர் அடுத்த போகத்துக்கு வேறு லொறியைப் பிடித்துக் கொள்வார். ஆகவே பெரும்போக, சிறுபோக வெட்டு தொடங்க முன்னரே தகடுகளைப் பரிசோதித்து மாற்றி விடுவது புத்தி.

நமது பகுதிக்கே உரிய கேடுகள்

கடற்காற்றின் உப்பு தகடுகளுக்கு இடையில் தங்கித் துருவேற்றும். துருப்பிடித்த குழியில்தான் வெடிப்பு ஆரம்பிக்கும். மீன் லொறிகளில் ஐஸ் உருகி வடியும் உப்புத் தண்ணீர் இன்னும் கொடியது. மாரியில் கிட்டங்கி வீதியை வெள்ளம் மூடும்போது அதில் இறங்கி ஓடிய லொறிகளின் பின், புஷ்களில் கிறீஸ் கழுவுப்பட்டு மண் ஏறிவிடும். வெள்ளத்தில் ஓடிய பிறகு கிறீஸ் அடிக்காமல் விட்டால் ஒரிஜினல் பின்னும் தேயும், மாற்றுப் பின்னும் தேயும். உப்புத் தண்ணீர் முத்திரை பார்ப்பதில்லை.

அடுத்தது, கூடுதல் தகடு ஏற்றும் பழக்கம். பாரம் கூட ஏற்றுவதற்காக இரண்டு தகடு அதிகம் வைக்கச் சொல்கிறார்கள். தகடு கூடினால் ஸ்பிரிங் மட்டும்தான் பலமாகும். அச்சு, ஹப் பெயாரிங், பிரேக், டயர், செசி எல்லாம் பழைய பலத்திலேயே இருக்கும். வண்டி தாழாமல் நிற்பதால் பாரம் சரி என்று சாரதி ஏமாந்து போவார்.

மூன்றாவது, தட்டையான தகட்டை உலையில் சூடாக்கி வளைத்து மீண்டும் போடுவது. சூடாக்கியதும் தொழிற்சாலையில் கொடுத்த பதம் போய்விடும். திரும்ப முறைப்படி இறுக்கிப் பதப்படுத்தாவிட்டால் அது சில வாரங்களில் மீண்டும் படுத்துவிடும். முறிந்த தகட்டை வெல்டிங் செய்து போடுவது அதைவிட ஆபத்து. அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

நல்ல சாமானையும் பிழையாகப் பூட்டினால் வீண். ஒரு பக்கம் மட்டும் மாற்றாமல் இரண்டு பக்கமும் சோடியாக மாற்றுங்கள். கழற்றிய யூ போல்ட்டைத் திரும்பப் போடாமல் புதிதாகப் போடுங்கள். சில நூறு கிலோமீற்றர் ஓடியதும் வந்து மீண்டும் இறுக்குங்கள். சென்டர் போல்ட் முறிவதற்குப் பெரும்பாலும் காரணம் யூ போல்ட் தளர்ந்திருப்பதுதான். இறப்பர் புஷ் உள்ள ஸ்பிரிங் என்றால், லொறி சில்லில் நின்று அதன் பாரம் இறங்கிய பிறகே பின்னை இறுதியாக இறுக்க வேண்டும். தூக்கி வைத்த நிலையில் இறுக்கினால் புஷ் முறுக்குண்டு சீக்கிரம் கிழியும்.

போலியை அறிவது எப்படி?

பெட்டியை நம்பாதீர்கள். பஞ்சிகாவத்தைக்குச் சாமான் எடுக்கப் போன ஒரு சமயம், ஒருவர் பெயர் பெற்ற கம்பனியின் வெறும் பெட்டிகளையே தனியாக விற்கத் தயாராக இருந்தார். சாமானை நாங்களே போட்டுக் கொள்ளலாமாம். நான் வாங்கவில்லை. ஆனால் யாரோ வாங்கியிருப்பார்கள் என்பதை நினைத்தால் மனம் நடுங்குகிறது.

பாக இலக்கம் பெட்டியில் மட்டுமல்ல, சாமானிலும் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எழுத்துப் பிழை, மங்கிய அச்சு, ஒட்டிய ஹொலோகிராம் ஆகியவற்றைக் கவனியுங்கள். பழைய சாமானோடு நிறுத்துப் பாருங்கள். வெண்கல புஷ் என்று தருவதில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது பூச்சுப் பூசிய இரும்பு. தகட்டின் கண்ணில் வெல்டிங் அடையாளமோ, அராவிய அடையாளமோ இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள். அதில் “ஒரிஜினல்” என்று மட்டும் எழுத விடாமல் முத்திரையின் பெயரையும் பாக இலக்கத்தையும் எழுதச் சொல்லுங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, பொருளின் தரத்தைப் பற்றிப் பொய் கூறி விற்பது குற்றம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் முறைப்பாட்டை நிரூபிப்பது கஷ்டம்.

என்னைப் போன்ற வியாபாரிகளுக்கு

சக வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. ஒரிஜினல் பெட்டியில் நமக்குக் கிடைக்கும் இலாபம் சிறியது. அதன் விலை எல்லோருக்கும் தெரியும். பெயர் தெரியாத சாமானில்தான் இலாபம் கூட. அதனால்தான் வாடிக்கையாளர் வந்து நின்றதும் கை தானாக அந்த இறாக்கையை நோக்கிப் போகிறது. மலிவுச் சாமான் விற்பது ஹராம் அல்ல. வசதி குறைந்தவருக்கு அது உதவியும்கூட. அதை ஒரிஜினல் என்று சொல்லி விற்பதுதான் ஹராம்.

ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, அதை மக்கள் காணும்படி ஏன் மேலே வைக்கவில்லை என்று வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நாம் எல்லோரும் குத்பாவில் கேட்டதுதான். மறைந்த குறை இருந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை ‘கியாருல் ஐப்’ என்று நமது பிக்ஹு நூல்கள் பேசுகின்றன. ஈரமான தானியத்தை வாங்கியவருக்கு நட்டம் பணத்தோடு முடியும். பதமில்லாத முன் தகட்டை வாங்கியவருக்கு அப்படி முடியாது. அந்த லொறியில் ஒரு சாரதி இருக்கிறார், ஒரு உதவியாள் இருக்கிறார், எதிரே பிள்ளைகளோடு ஒரு முச்சக்கர வண்டி வந்து கொண்டிருக்கலாம்.

வாடிக்கையாளரிடம் மூன்று விலையையும் மூன்று தரத்தையும் முன்னால் வைத்து, எது எது என்று சொல்லி விடுங்கள். தெரிவு அவருடையது. சொல்வது நமது அமானத். அப்படி விற்கும் கடையில் இலாபம் கொஞ்சம் குறையலாம், பரக்கத் குறையாது இன்ஷா அல்லாஹ்.